கால்களுக்காகப் போட்ட தோப்புக்கரணம்

ராயபுரத்தில் என் கடைக்கு வந்து போகிறவர்களுக்கு அந்தக் கயிறு நன்றாகத் தெரியும். நான் உட்காரும் மெத்தைக்கு நேர் மேலே உத்திரத்திலிருந்து தொங்கும். நல்ல தேங்காய்நார்க் கயிறு, பெருவிரல் தடிமன், நுனியில் ஒரு முடிச்சு. கடையே கயிற்றுக் கடைதான். கட்டுமரம் கட்டுகிற கயிறு, நங்கூரக் கயிறு, பாய்த்துணி, படகுக்குப் பூசும் கீல் எல்லாம் கிடைக்கும். அதனால் அங்கே ஒரு கயிறு தொங்குவது யார் கண்ணையும் உறுத்தவில்லை. மாதிரிக்குத் தொங்குகிறது என்று நினைத்தார்கள். யாராவது அதைப் பிடித்துப் பார்த்து விலை கேட்டால், அது வேறொருவருக்கு எடுத்து வைத்தது என்று சொல்லி, அதே ரகத்தில் வேறு சுருளைக் காட்டச் சொல்வேன். அந்தக் கயிற்றைப் பிடிக்காமல் மெத்தையை விட்டு என்னால் எழுந்திருக்க முடியாது. இது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டணத்தில் டிராம் நின்றுபோன மறுவருஷம் அது. எனக்கு ஐம்பத்து நான்கு வயது. தெற்கே பள்ளிப் படிப்பை முடித்த கையோடு பெரியப்பா கடைக்கு வேலைக்கு வந்தவன் நான். அந்த நாளில் கைவண்டியில் வந்து இறங்கும் நார்க்கட்டுகளைத் தோளில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் அடுக்குவேன். ஓடுகிற டிராமில் தொற்றி ஏறுவேன், நிற்கும் முன்பே குதித்து இறங்குவேன். பிறகு கடை என் பெயருக்கு வந்தது. எங்கள் வியாபாரத்தில் ஒருவன் முன்னுக்கு வந்துவிட்டான் என்பதற்கு அடையாளமே அவன் எழுந்திருக்காமல் இருப்பதுதான். குடிக்கத் தண்ணீர் கைக்கு வரும், சாப்பாடு தூக்குச்சட்டியில் வரும், சரக்கை ஆள் எடுத்துக் காட்டுவான். முதலாளி மெத்தையை விட்டு எழுந்து சுருளைத் தூக்கினால் வந்தவனுக்கே கூச்சமாக இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் நான் அப்படி மரியாதையாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் ஆடுசதையை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தேன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. தொட்டது மட்டுமல்ல, ஒன்றின்மேல் ஒன்று ஏறின. இளவயதில் அப்படிப் பிடித்தால் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். சதை பழைய துணிப்பையைப் போலத் தொங்கிற்று. வயிறு மட்டும் வளர்ந்திருந்தது. வேட்டி கட்டுகிற ஊரில் பிறந்தது அன்றைக்குப் பெரிய பாக்கியமாகப் பட்டது.

அதிலிருந்து சின்னச் சின்னத் தந்திரங்களாகப் பழகிக்கொண்டேன். தரையில் உட்கார நேர்ந்தால் சுவரோரம், இல்லையென்றால் தூணோரம் பார்த்து உட்காருவேன். எல்லாரும் எழும்போது துண்டைத் தேடுகிறவன் போல நேரம் கடத்தி, யாரும் பார்க்காத சமயத்தில் தூணைப் பிடித்து எழுவேன். கடையில் கயிறு இருந்தது. வீட்டில் கதவு நிலை இருந்தது. இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்று தைரியம் வந்திருந்தது.

அப்போது என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரே பெண். என் மனைவியின் தம்பி ஒரு வரன் கொண்டுவந்தான். பையனின் தகப்பனார் திருவொற்றியூரில் மரவாடி வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். நல்ல குடும்பம், மறு பேச்சுக்கு இடமில்லை. வீட்டுக்கு வந்து பெண் பார்க்கும் முன் பெரியவர்கள் இரண்டு பேரும் ஒரு பொது இடத்தில் பேசிப் பழகட்டும் என்று, ஒரு உறவுக்காரர் கல்யாணத்தில் என் மச்சினன் எங்கள் இருவரையும் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தான். பந்தியின் நட்டநடுவில். சுவரும் இல்லை, தூணும் இல்லை.

சாப்பிடும்போது நன்றாகத்தான் பேசினோம். தேக்கு விலை, துறைமுகத்துக் கூலி, ஊரில் மழை. ஆனாலும் நான் எழுந்திருப்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பந்தியில் எழுவதற்கு என்று ஒரு சங்கடம் உண்டு. வலது கை எச்சில், அதைத் தரையிலோ வேறெங்குமோ ஊன்ற முடியாது. இடது கையும் கால்களும் மட்டும்தான். சின்ன வயதில் யாரும் இதை யோசித்துப் பார்ப்பதில்லை. மோர் சாதம் முடிந்தது, பந்தியின் தலைப்பில் இருந்த பெரியவர் எழுந்தார், வரிசை முழுதும் எழுந்தது. அடுத்த பந்திக்காரர்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்கத் தயாராக நின்றார்கள்.

நான் இடது கையை ஊன்றினேன். பாதி எழுந்தேன், கால் நடுங்கிற்று, மறுபடி உட்கார்ந்தேன். இன்னொரு முறையும் அப்படியே. பின்னால் நின்ற யாரோ, அண்ணாச்சிக்குப் பாயாசம் தூக்கலாகிவிட்டது என்று சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாம் முறை சரியப்போன சமயத்தில் கை தானாகவே எதையோ பற்றியது. பற்றியது மரவாடிக்காரரின் தோளை. பற்றியது வலது கை. வெள்ளைப் பட்டு ஜிப்பாவில் மோரும் ஊறுகாயுமாக என் ஐந்து விரலும் பதிந்தன.

அவர் முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்ல அண்ணாச்சி, நல்லாப் புடிச்சுக்கிடுங்க," என்றார். அவர் பிடித்து இழுத்துத்தான் நான் எழுந்தேன்.

கை கழுவப் போகும்போது பெண்கள் பக்கம் பார்த்தேன். என் மகள் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நான் பார்த்ததும் அவசரமாக வேறு பக்கம் திரும்பி, பக்கத்திலிருந்த குழந்தைக்குத் தலை வாரிவிடுகிறவள் போல நின்றாள். அந்தக் குழந்தைக்குத் தலை ஏற்கெனவே நன்றாகத்தான் வாரியிருந்தது.

அன்றிலிருந்து ஒரே பயம். இந்தக் காலோடு நிச்சயதார்த்தத்துக்கு எப்படித் தரையில் உட்கார்ந்து தட்டு மாற்றுவேன்? பெண்ணின் தகப்பனுக்கு ஏதோ வாதநோய், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று ஒருவர் வாய் திறந்தால் போதும், வரன் அதோடு நின்றுவிடும். டாக்டரிடம் போனேன். முழங்காலைத் தட்டிப் பார்த்தார், நோய் ஒன்றும் இல்லை, வயது என்றார். படி ஏற வேண்டாம், நிறைய ஓய்வு எடுங்கள் என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். டானிக்கைக் குடித்தேன். ஓய்வுக்கு நான் எங்கே போக? என் பிழைப்பே ஓய்வுதானே.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். பஸ்கி எடுக்கச் சோம்பல் படுகிற பையன்களைப் பார்த்து, "நாற்காலிக்கும்தான் காலு இருக்கு, அது நடக்குதாலே?" என்று கேட்பார். உட்கார்ந்து எழ முடியாதவன் உட்கார்ந்து உட்கார்ந்து எழத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கே செய்வது என்பதுதான் கஷ்டம். நாங்கள் இருந்தது பல குடித்தனம் உள்ள வீடு. முற்றத்துக் குழாயடியில் எப்போதும் பெண்கள் நிற்பார்கள். கடற்கரைக்குப் போனால் என்னைவிட மூத்த கிழவர்கள் கட்டுமரத்தைத் தோள் கொடுத்துக் கரையேற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் நான் பஸ்கி எடுப்பதா? ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெருவில் பயில்வான்கள் பழகும் தாலிம்கானா வாசல் வரைக்கும் போனேன். உள்ளே இளவட்டங்கள் லங்கோட்டோடு கர்லாக்கட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரியாதையாக வெளியே வந்து, "இன்னா நைனா, யாரைத் தேடுற? உன் புள்ள எதுனா கலாட்டா பண்ணிட்டானா?" என்றான். எனக்கு ஆண்பிள்ளையே இல்லை. ஆமாம், ஒருவனைத் தேடி வந்தேன், இங்கே இல்லை போலிருக்கிறது என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

தெரு முனையில் அரசமரத்தடிப் பிள்ளையாரைக் கண்டதும்தான் அந்த யோசனை வந்தது. வயதான மனிதன் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து எழுந்தாலும் ஒருவரும் சிரிக்காத இடம் ஒன்று உண்டென்றால் அது பிள்ளையார் சன்னிதிதான். காதைப் பிடித்துக்கொண்டு செய்தால் தேகப்பயிற்சி பக்தியாகிவிடும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதே வாரத்தில்தான் அந்தச் சாவு நடந்தது. பிள்ளையாருக்கு எதிரே காலையில் ஆப்பம் சுட்டு விற்கிற அம்மா ஒருத்தி உண்டு. கடலுக்குப் போகிற குடும்பம். அவளுடைய தம்பி, கல்யாணம் ஆகாதவன், இன்னொருவனோடு கட்டுமரத்தில் போனான். முகத்துவாரம் தாண்டும்போது அலை புரட்டிப் போட்டுவிட்டது. கூடப் போனவன் நீந்தி வந்தான். இவனை எண்ணூர்ப் பக்கம் கடல் ஒதுக்கியது. அந்தக் கட்டுமரத்தைக் கட்டியிருந்தது என் கடைக் கயிறுதான். ஆனால் கயிறு அறவில்லை. மரங்கள் கட்டு அவிழாமல் முழுசாகக் கரைக்கு வந்ததைக் கரையே பார்த்தது. எங்கள் தொழிலில், வாடிக்கைக்காரர் வீட்டில் கடல் ஆளைக் கொண்டுபோனால் முதலாளி நேரில் போய்த் துக்கம் கேட்பது வழக்கம். அங்கே மண்ணில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எழ வேண்டும். கடை ஆளிடம் மாலை கொடுத்தனுப்பிவிட்டு நான் இருந்துவிட்டேன்.

அடுத்த வாரம் பிள்ளையார் கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன்.

முதல் நாள் முழங்கால் பாதிதான் மடங்கிற்று. சன்னிதிக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கொஞ்சம் குனிந்து நிமிர்ந்தேன். தொடை நெருப்பாக எரிந்தது. மறுநாள் படியிறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. விடாமல் போனேன். எத்தனை போட்டேன் என்று எண்ணியதில்லை. மூச்சு முட்டும் வரைக்கும் போடுவேன், கம்பியில் சாய்ந்து நிற்பேன், மறுபடி போடுவேன். மழைக்காலம் வருவதற்குள் கம்பியை விட்டு இரண்டு காதையும் பிடிக்க முடிந்தது. பிறகு அடி வரைக்கும் உட்கார்ந்து எழ முடிந்தது. ஆடுசதையை வளைத்துப் பிடித்தால் விரல்கள் தொட்டன, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. ஒரு காலைவேளை மெத்தையிலிருந்து கயிற்றைத் தொடாமல் எழுந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திருடன் மாதிரிச் சுற்றிப் பார்த்தேன்.

வீட்டில் மனைவி, உங்களுக்கு இப்போதாவது சாமி ஞாபகம் வந்ததே என்று சந்தோஷப்பட்டாள். ஆப்பக்கார அம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனால் நான் கழற்றிப் போடும் செருப்பை நாய் இழுக்காமல் தன் அடுப்புப் பக்கமாக எடுத்து வைப்பாள். என்னைப் பார்த்துக் காதைப் பிடித்துக் கேலி செய்த பிள்ளைகளை ஒரு நாள் கரண்டியை ஓங்கி விரட்டினாள். நான் இதற்கெல்லாம் காரணம் தேடவில்லை. முதலாளிக்குச் செய்கிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். என் கவனமெல்லாம் என் தொடையில் இருந்தது.

பிறகு கடையில் ஒரு மாறுதல் தெரிந்தது. வழக்கமாகக் கயிறு வாங்குகிறவர்கள் வாங்கும் முன் காலில் மிதித்து இழுத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் என் கடையில் அப்படி யாரும் செய்ததில்லை. ஒருவன் இழுத்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போனான். ஏதோ போட்டிக் கடைக்காரன் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கடைசியில் என் மச்சினன் வந்து கதவோரம் நின்று, குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான், கோவிச்சுக்கிடாதீய. நீங்க மட்டக் கயித்த வித்து ஒரு ஆளு செத்துப்போனான், அந்தப் பாவத்துக்குத்தான் தெனமும் தோப்புக்கரணம் போடுதீயன்னு ஊர்ல பேசுதாங்க. மரவாடி வரைக்கும் போயிருக்கு."

கட்டு அவிழவில்லை என்பது ஊருக்கே தெரியுமே என்றேன். தெரியும்தான் அத்தான், ஆனால் ஒரு பாவமும் செய்யாத மனிதர் எதற்கு இப்படித் தினமும் காதைப் பிடிக்கிறார் என்று கேட்கிறார்களே, அதற்கு என்ன பதில் என்றான். அவனிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேண்டுதல் என்றேன். என்ன வேண்டுதல் என்று அவன் கேட்டபோது எதிரே இருந்த சுருளைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். பாவி என்று பெயர் எடுப்பதா, காலில் பலமில்லாதவன் என்று பெயர் எடுப்பதா என்று அன்று ராத்திரி முழுதும் நான் எடைபோட்டுப் பார்த்தேன். பாவி என்பதே தேவலை என்று சில நேரம் தோன்றியதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என் மகளுக்கு வரப்போகிற வாழ்வு போய்விடும் என்று தெரிந்தும் அப்படித் தோன்றியது.

இரண்டொரு நாள் கழித்து மரவாடிக்காரர் கடைக்கு வந்தார். மச்சினன் கூட இருந்தான். வந்தவர் காப்பி குடித்தார், கயிற்றுச் சுருள்களைச் சும்மா தடவிப் பார்த்தார், விஷயத்துக்கு வராமல் கொஞ்ச நேரம் கழித்தார். அவர் கேட்பதற்குள் கடைப் படியில் ஆப்பக்கார அம்மா வந்து நின்றாள். அவள் அதற்கு முன் என் கடைக்கு வந்ததில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"நைனா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். கோச்சிக்காத."

"கேளும்மா," என்றேன்.

"எல்லாரும் ஒரு மாரியா பேசிக்கினு கீறாங்கோ. கட்டு அவுறலன்னு நான் என் கண்ணால பாத்தேன். மரம் முழுசாத்தான் ஒதுங்கிச்சி. உன் கவுறு மேல நான் பழி சொல்ல மாட்டேன். அப்பால நீ இன்னாத்துக்கு தினிக்கும் வந்து குந்திக் குந்தி எந்திரிக்கிற? உனுக்கு எதுனா தெரிஞ்சா சொல்லிடு."

மரவாடிக்காரர் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். அவருக்கும் அதே கேள்விதான். வேண்டுதல் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கால்ல பலமில்லம்மா," என்றேன். "தரையில உக்காந்தா எந்திரிக்க முடியல. பொண்ணு கல்யாணத்துல மானம் போயிரும்னு பயந்து, காலுக்குத்தான் போட்டேன். பிள்ளையாருக்குக்கூட இல்ல."

சொன்னதோடு நிற்காமல் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. சொன்னதை நம்பமாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம். இரண்டு குச்சிக் கால்களும் பகல் வெளிச்சத்தில் தெரிந்தன. கடை ஆள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

முதலில் சிரித்தது மரவாடிக்காரர்தான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிய சிரிப்பு. "இம்புட்டுதானா அண்ணாச்சி? இத நான் அன்னிக்குப் பந்தியிலயே பாத்தேனே. எனக்கு மட்டும் என்ன, முழங்காலு சொன்னபடியா கேக்குது? இதுக்கா ஊரு இந்தப் பாடு படுத்துது?" என்று என் தோளில் தட்டினார். மச்சினனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் மகளின் கல்யாணம் நிலைத்துவிட்டது என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆப்பக்கார அம்மா சிரிக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எந்தம்பிக்கோசம் இல்லியா?"

மரவாடிக்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"நான் இன்னா நெனச்சிக்கினு இருந்தேன் தெரியுமா நைனா? ஊர்ல எல்லாரும் மறந்துட்டானுங்கோ. கூடப் போனவனே ரெண்டு நாள்ல கடலுக்குப் போய்ட்டான். இந்த மன்சன் ஒருத்தராச்சும் அவனுக்கோசம் முட்டி நோவக் குந்தி எந்திரிக்கிறாரேன்னு நெனச்சேன். பாவம் பண்ணாரோ பண்லியோ, அவன நெனச்சிக்கினு தானே வராருன்னு. உன் செருப்பக்கூட நான்தான் பாத்துக்கினேன்."

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. படியிறங்கிப் போனாள்.

அவள் பின்னால் போக வேண்டும் என்று தோன்றியது. கயிறு இல்லாமல் எழுந்திருக்கக் கூடிய கால் அப்போது எனக்கு இருந்தது. ஆனால் கை பழக்கத்தில் மேலே போய்க் கயிற்றைத் தேடிப் பிடித்தது. நான் எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, படிக்கு வந்தபோது அவள் தெரு திரும்பிவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? அவளுடைய தம்பியின் முகம்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. கடைக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறான். நான் மெத்தையிலிருந்தே விலை சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி அழுதாள், வரன் நிலைத்ததற்குச் சந்தோஷமும் பட்டாள். மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா," என்றாள். "சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும்போது பார்த்திருக்கேன். மத்தக் கயிறெல்லாம் சொரசொரன்னு இருக்கு. மெத்தைக்கு மேல தொங்குறதுல மட்டும் கை படுற இடம் வழவழன்னு இருக்கு."

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுது. கேட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல." காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அந்த அம்மா வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போனீங்களாப்பா?" என்று கேட்டாள்.

மறுநாள் விடிந்ததும் போனேன். வீட்டுக்கு அல்ல, வீடு எனக்குத் தெரியாது. அடுப்புக்குத்தான் போனேன். துறைமுக வேலைக்குப் போகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மண்ணில் அவள் எதிரே உட்கார்ந்தேன். மரியாதைப்பட்ட மனுஷன் ஆப்பக்கடையில் தரையில் உட்காருவதைப் பார்த்து அவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார்கள். முன்பே வந்திருக்க வேண்டும், வரவில்லை, உட்கார்ந்தால் எழ முடியாதே என்று வரவில்லை என்றேன். அவள் ஆப்பச் சட்டியைச் சுழற்றி மாவைப் படரவிட்டாள், மூடினாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசினாள்.

"வயிசானா கால் பூடும். அதுக்கு நீ இன்னா பண்ணுவ. போய்ப் போடு நைனா, நிறுத்திடாத. பொண்ணு கண்ணாலத்துல கீய உய்ந்து வெக்கப் போற." ஆப்பத்தை எடுத்து ஒருவன் தட்டில் போட்டாள். "ஆனா இனிமே நான் பாக்க மாட்டேன். நான் அந்தாண்ட திரும்பிக் குந்திக்கிறேன்."

எழுந்தேன். கை ஊன்றாமலே எழுந்தேன். அதைப் பார்க்க அவள் தலை நிமிரவில்லை.

தை மாதத்தில் கல்யாணம் நடந்தது. மணவறைக்கு முன்னால் எத்தனையோ முறை உட்கார்ந்து எழ வேண்டியிருந்தது, எழுந்தேன். பந்தியில் மரவாடிக்காரர் பக்கத்திலேயே சாப்பிட்டேன். எல்லாரும் எழுந்தபோது வலது கையை எச்சிலோடு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்தேன். இந்த முறை அவர்தான் என் தோளைப் பிடித்தார். இடது கையால் பிடித்தார், என்னைவிட நிதானமான மனிதர். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் எத்தனை மாதமாக ஆசைப்பட்டது அதற்குத்தான். மாலையும் கழுத்துமாக நின்ற என் மகள் மட்டும் பார்த்தாள், இந்த முறை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆப்பக்கார அம்மாவை நேரில் போய் அழைத்திருந்தேன். கூட்டத்தில் தேடினேன், வரவில்லை.

மகள் இப்போது திருவொற்றியூரில் இருக்கிறாள். கடையில் அந்தக் கயிற்றை அறுத்து எடுத்துவிட்டேன். வழவழப்பான அந்தத் துண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பிள்ளையாரிடம் போகிறேன். நிறுத்தினால் ஒரு மாதத்தில் கால் பழையபடி ஆகிவிடும் என்ற பயம் ஒன்று, நிறுத்த வேண்டாம் என்று ஆப்பக்கார அம்மா சொன்னது ஒன்று. காதைப் பிடித்துக்கொண்டு குனியும்போது அந்தப் பையனை நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். முகம் வருவதில்லை. தோளில் சுருளைப் போட்டுக்கொண்டு படியிறங்குகிற ஒரு முதுகுதான் வருகிறது. எத்தனையோ பேருக்கு அப்படி முதுகு உண்டு. அது அவனுடையதுதானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை.

எதிரே ஆப்பக்கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அடுப்பைத் திருப்பிப் போட்டுவிட்டாள். பிள்ளையாருக்கும் எனக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து சுடுகிறாள். புகை இப்போது அவள் முகத்தில்தான் அடிக்கிறது. சாப்பிட வருகிறவர்கள் ஏன் இப்படித் திருப்பினாய் என்று கேட்பது எனக்கே காதில் விழுகிறது. காற்று இந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவள் சொல்கிறாள். நான் செருப்பை முன்போலவே படிக்குக் கீழே கழற்றிப் போடுகிறேன். போட்டுவிட்டு, குனிந்து எழும்போதெல்லாம் அது இருக்கிறதா என்று ஒரு கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.